தட்டில் சாகும் புற்று, உடம்பில் சாகாதது ஏன்?

"புற்றுநோய்க்குப் புது மருந்து" என்று அடிக்கடி செய்தி வருகிறது. பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் குடும்பங்கள் அதைப் படித்துவிட்டு, "இது எப்போது கிடைக்கும்?" என்று டாக்டரைக் கேட்கின்றன.

பெரும்பாலும் கிடைக்காது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்தை எட்டிய புற்றுநோய் மருந்துகளிலேயே பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தோற்றுப்போகின்றன.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, முதல் சோதனை நடக்கும் தட்டு!

சோதனைக்கூடத்தில் புற்று செல்களை பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கிறார்கள். பாய் விரித்ததுபோல் ஒரே அடுக்காகப் படர்கின்றன. ஊற்றும் மருந்து எல்லா செல்களையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. செத்துவிடுகின்றன.

உடம்பில் இருப்பதோ பாய் அல்ல, கட்டி. நெருக்கமான சாலில் உள்ளறைக்குக் காற்று எட்டாததுபோல, கட்டியின் உள்ளே இருக்கும் செல்களுக்குப் பிராணவாயு சரியாகப் போவதில்லை. அவை பெருகாமல் தூங்குகின்றன. பல மருந்துகள் பெருகும் செல்லைத்தான் கொல்லும். தூங்குவது தப்பிவிடும். மருந்து உள்ளே போய்ச் சேர்வதும் கஷ்டம்.

ஆகவே கட்டியைப்போலவே உருண்டையாக வளர்த்தால் என்ன?

1970-71-ல் சதர்லாந்து என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அப்படி வளர்த்துக் காட்டினார்கள். உருண்டை அரை மில்லி மீட்டர்தான் இருக்கும். கடுகைவிடச் சிறியது. ஆனாலும் அதன் நடுவில் செல்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன, நிஜக் கட்டியில் நடப்பதுபோலவே.

வளர்க்கும் வித்தை எளிது. தட்டில் அகர் பூசிவிடுவார்கள். கடைகளில் "சைனா கிராஸ்" என்று விற்கிறதே, அந்த இனம்தான். ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர் வருகிறது. பூச்சில் ஒட்ட முடியாத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகின்றன. இன்னொரு வழி, மூடியின் அடியில் துளியாகத் தொங்கவிடுவது. செல்கள் துளியின் அடியில் இறங்கிக் கூடிவிடும்.

பரேலில் தொடக்கம்

செல் வளர்ப்பில் மும்பைக்குப் பழைய உறவு உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்று செல்களை ஜார்ஜ் கை என்பவரின் கூடம் வளர்த்தது. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அதே ஆண்டு அவர் இறந்தார். செல்கள் இன்றும் வாழ்கின்றன.

அந்தக் கையிடம் பயின்றவர் டாக்டர் கமல் ரணதிவே. நாடு திரும்பி, பரேல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் இந்தியாவின் முதல் திசு வளர்ப்புக் கூடத்தை அமைத்தார். 1982-ல் பத்மபூஷண் பெற்றார்.

அந்த ஆராய்ச்சி 2002-ல் நவிமும்பை கார்கருக்குப் போனது. செம்பூர்வாசிகளுக்கு ஹார்பர் லைன் ரெயிலில் நேர் வழி. புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கத் தனிப் பிரிவே அங்கு உண்டு.

உருண்டையிலும் குறை இருக்கிறது. அதற்கு ரத்தக்குழாய் இல்லை. மருந்தை மாற்றும் கல்லீரலும் இல்லை. மனிதர்களிடம் சோதிப்பதை அதனால் நிறுத்த முடியாது. ஆனால் மிருகங்களிடம் சோதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022-ல் தளர்த்தியது. இந்தியாவும் 2023-ல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய செல் வளர்ப்புச் சோதனைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது.