அரிசிச் சோறு எதுவரை காக்கும்?

சீலியாக் நோய் என்றால், அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, மிஞ்சிப்போனால் மூன்று வேளையும் ரொட்டி சாப்பிடும் வடநாட்டவருக்கு வருவது, இட்லி தோசையில் வளர்ந்த நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எண்களும் அதையே சொல்கின்றன. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி என மூன்று வட்டாரங்களில் 23,331 பெரியவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேரிடம் சீலியாக் நோய் இருக்கிறது என்ற கேள்விக்கு, வடக்கே 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கே 0.11 என்று விடை வந்தது. பத்தாயிரம் தென்னிந்தியர்களில் ஒருவர்! இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணுக்கள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தன, ஏறத்தாழ சமம். வேறுபட்டது சாப்பாடுதான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். நம்மைக் காத்துவந்தது தட்டில் இருந்த சோறு. அந்தத் தட்டு நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணிபோல விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் இந்த வகைப் புரதம் உண்டு. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. சீலியாக் உள்ளவரின் உடல் மட்டும் குளூட்டனைப் பகையாகக் கருதிப் போரிடுகிறது. அடி விழுவது சொந்தச் சிறுகுடலின் மீது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் இரும்புச்சத்து ஒட்டாது, எவ்வளவு பால் குடித்தாலும் எலும்புக்குச் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் வரும். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, எலும்புத் தேய்வு, கருத்தரிப்பதில் சிக்கல் என்று மட்டும் வெளிப்படுவதும் உண்டு. இதை ஒவ்வாமை என்று சொல்வது சரியல்ல. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் தன்னெதிர்ப்பு நோய் இது.

கோதுமைதான் காரணம் என்று மருத்துவம் கண்டறிந்தது ஒரு துயரக் காலத்தை ஒட்டித்தான். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கேவுக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரே பசியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகளின் நிலை மட்டும் தேறியது. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. தன் முடிவுகளை 1950இல் ஆய்வேடாக அவர் எழுதினார். கோதுமை இல்லையென்றால் நோய் அடங்கும் என்பது அங்கே உறுதியானது. கோதுமை கூடினால் நோயும் கூடுமா என்பது அடுத்த கேள்வி. சுவீடனில் 1980களின் நடுவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சீலியாக் திடீரென நான்கு மடங்கானது. கைக்குழந்தைகளுக்கு உணவூட்டும் முறை அப்போது அங்கே மாறியிருந்தது, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த குளூட்டனின் அளவும் கூடியிருந்தது. 1990களின் நடுவில் அந்தப் பழக்கங்கள் மாறியதும் எண்ணிக்கை இறங்கியது. மரபணு ஆபத்துள்ள ஆயிரக்கணக்கான குழந்தைகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வும், முதல் ஐந்து வயதில் அதிகக் குளூட்டன் சாப்பிட்டவர்களிடம் நோய் வாய்ப்பு கூடுதல் என்றே காட்டியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016 ஆய்வில் வடகிழக்கு மக்களும் அரிசிக்காரர்களே. அவர்கள் சாப்பிட்ட கோதுமை நாளுக்கு வெறும் 37 கிராம். நம்மைவிடப் பன்னிரண்டு கிராம்தான் கூடுதல், நோயோ நாற்பது மடங்கு. ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்ல முடியாது. குடல் நுண்ணுயிர்கள், சிறுவயதுத் தொற்றுகள் போன்றவற்றுக்கும் பங்கு இருக்கக்கூடும். ஆனால் இந்த மறுப்பு நம்முடைய நிம்மதிக்கு உதவாது, அதைக் குலைக்கவே செய்கிறது. கொஞ்சம் கோதுமையோடும் நோய் பெருகும் என்பதற்கு வடகிழக்கே சான்று. இன்னொன்றும் இருக்கிறது. ரத்தத்தில் அடையாளம் தெரிந்தும் நோயாக முற்றாத நிலையில் இருப்பவர்கள் தெற்கே ஆயிரத்துக்கு 1.22 பேர். அதாவது நோய் வந்த ஒருவருக்குப் பின்னால் ஏறக்குறைய பதினோரு பேர் வாசலில் நிற்கிறார்கள். வேலூர் விகிதத்தை, 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த 7.2 கோடிப் பேருக்கு அப்படியே பொருத்தி ஒரு தோராயக் கணக்குப் போட்டால், நோயாளிகள் 8,000 பேர், வாசலில் நிற்பவர்கள் 88,000 பேர்.

தட்டு மாறுவதைக் காண ஆய்வு தேவையில்லை. சர்க்கரை இருக்கிறது என்றதும் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது வீட்டுக்கு வீடு சட்டமாகிவிட்டது. தெருமுனைக்கு ஒரு பரோட்டாக் கடை, டீயோடு பன், பிள்ளைகளின் பையில் பிஸ்கட், அவசரத்துக்கு நூடுல்ஸ். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளின் பசியை ஆற்றும் அருமையான திட்டம். அதன் பட்டியலிலும் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, கிச்சடி என்று கோதுமைக்கே முதலிடம். கோதுமை நல்ல தானியம், புரதமும் நார்ச்சத்தும் உள்ளது. யாரையும் அதிலிருந்து விரட்டுவது என் நோக்கமல்ல. மரபணு தயாராகக் காத்திருக்கும் ஒரு சமூகம் தன் தலைமுறைச் சாப்பாட்டை மாற்றும்போது, அந்த நோயை அடையாளம் காணும் கண்ணும் கூடவே வளர வேண்டும் என்கிறேன்.

அந்தக் கண் இங்கே இன்னும் திறக்கவில்லை. நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு ஒருவர் வந்தால், நம் பக்கத்து மருத்துவர் முதலில் கிருமித் தொற்றையும் குடல் காசநோயையும் நினைப்பது நியாயமே. வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்ற இன்னொரு நோயும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகள் ஆராய்ந்தது அது. அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும் என்பதால் திசுவை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. குழப்பத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது: டிடிஜி எனப்படும் எதிர்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதில் சந்தேகம் வலுத்தால் எண்டோஸ்கோப்பி செய்து குடல் திசுவைப் பார்ப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்வது பணவிரயம் என்ற வாதத்தை ஏற்கிறேன். இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை, முதல்வகைச் சர்க்கரை நோய், தைராய்டுத் தன்னெதிர்ப்பு நோய், சீலியாக் உள்ளவரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் என்று சுருக்கிக்கொண்டால் விரயம் ஏதுமில்லை. ஒரு எச்சரிக்கையை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்ததும் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோதுமை நின்றதும் எதிர்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பரிசோதனை முடியும்வரை வழக்கமான சாப்பாட்டையே தொடர வேண்டும்.

நோய் உறுதியானால் மருந்து ஒன்றே ஒன்று, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவு. இங்கேதான் அரிசி நாட்டு நம்பிக்கை இரண்டாவது முறை ஏமாற்றுகிறது. சோறு, இட்லி, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. நம்மைப்போல் வசதி யாருக்கு என்று தோன்றும். பெருங்காய டப்பாவைத் திருப்பி அதிலுள்ள சிறிய எழுத்தைப் படித்தால் தெரியும். பல கூட்டுப் பெருங்காயங்களில் பிசினோடு மைதா அல்லது கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது, கட்டியானாலும் தூளானாலும். சிட்டிகையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று அது வராத வேளை எது? அடுத்தது மாவு மில். முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால், முதலில் விழும் மாவில் கோதுமையும் கலந்தே வரும். அமெரிக்காவில் இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்கள், மாவுகள் போன்றவற்றில், 'குளூட்டன் அற்றது' என்ற முத்திரை இல்லாமல் விற்ற 22 மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். 7 மாதிரிகளில், குளூட்டன் அற்ற உணவுக்கான வரம்பைவிட அதிகக் குளூட்டன் இருந்தது. ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லில் தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் பஜ்ஜி, சீனச் சோற்றில் சோயா சாஸ், சத்து பானத்தில் பார்லி மால்ட் என்று பட்டியல் நீளும்.

'இவ்வளவு பயம் தேவையா, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்' என்று பந்தியில் அன்போடு கேட்பார்கள். அதற்கு 2007இல் ஓர் ஆய்வு விடை சொன்னது. சீலியாக் உள்ளவர்கள் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டபோது குடலுறிஞ்சிகள் மறுபடி தேய்ந்தன. ஒரு பரோட்டாவில் ஐம்பது கிராம் மைதா என்று வைத்தால் அதில் குளூட்டன் நான்கைந்து கிராம் வரும். அந்தப் பரோட்டாவில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் அந்த 50 மில்லிகிராம். உடனே வயிறு வலிக்காததால் ஒன்றும் ஆகவில்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்த உணவைக் குளூட்டன் அற்றது என்று விற்கக் கூடாது என இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் விதி வைத்திருப்பதும் இதனால்தான்.

இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போகிறது. உடம்பு இளைக்கவும் முகம் பொலியவும் கோதுமையை விடுங்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன, குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பாஸ்தாவும் எக்கச்சக்க விலைக்கு விற்கின்றன. நோய் இல்லாதவருக்கு இதனால் நிரூபிக்கப்பட்ட பலன் கிடையாது. நோயாளிக்கும் அந்தப் பாக்கெட்டுகள் அவசியமில்லை. அவற்றில் பலவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் மிகுதி. புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன், சுத்தமாக அரைத்த கேழ்வரகு மாவு ஆகியவை போதும். இந்த மோகத்தால் வரும் பெரிய தீங்கு, நிஜ நோயாளி 'எனக்குக் கோதுமை ஆகாது' என்று சொல்லும்போது கேட்பவர் அதை நாகரிகப் பேச்சாக எடுத்துக்கொள்வது.

பத்தாயிரத்தில் ஒருவருக்காக ஊரே மாற வேண்டுமா என்று கேட்கலாம். ஊர் மாற வேண்டிய அளவு மிகச் சிறியது. பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. உதிரியாக விற்கும் மாவுக்கும் சிறிய ஓட்டலுக்கும் அந்தப் பழக்கம் வந்தால் போதும். பெருங்காயத்தில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்ப்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள். மாவு மில்லில் இயந்திரத்தைத் துடைத்துவிட்டு முதல் ஆளாக அரைத்துத் தரச் சொல்லலாம். வீட்டில் தனிச் சல்லடையும் தனிக் கல்லும் வைத்துக்கொள்ளலாம். காலை உணவுத் திட்டத்தில், மருத்துவர் சான்று கொண்டுவரும் குழந்தைக்கு மட்டும் வாரம் முழுக்க அரிசி உப்புமாவோ வெண்பொங்கலோ தர ஒரு வரி ஆணை போதும். இரண்டையும் சமைக்க அந்தச் சமையல்கூடங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.