புயல் நாளில் இன்சுலின் பாதுகாப்பு



2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாவுக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் அப்போது என்ன செய்வது?

"ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு, மருந்து கெட்டுப்போச்சு" என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடத்தில் பெரும்பாலான இன்சுலின் 4 வாரம் வரை தாங்கும்.

புயல் ஓய்ந்து வெயில் ஏறினால் இப்படிச் செய்யலாம். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவே சின்ன மண்சட்டியை இறக்குங்கள். மருந்துப் புட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இப்படித்தானே!

பனிக்கட்டிமேல் நேரே வைக்காதீர்கள். உறைந்துபோன மருந்தும், கட்டிதட்டிய மருந்தும் ஆகாது.

முகாமில் சோறு தாமதமாகலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, சோறு கைக்கு வந்த பிறகே போடுங்கள். வேர்வை, நடுக்கம் கண்டால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள்.

வெள்ளம் வருமுன் விதைநெல்லைப் பரணில் ஏற்றுகிறோம் அல்லவா? அதுபோலப் புயல் எச்சரிக்கை கேட்டதுமே மருந்து, ஊசி, டாக்டர் சீட்டு, சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.