நீலகிரிப் புல்வெளியின் மண்ணில் உறையும் கரிமம்

சோலைக்காடுகளுக்கு இடையே பரந்துள்ள நீலகிரி உயர்மலைப் புல்வெளிகளில், கரிமத்தின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் புல்லில் அன்றி, அதன் அடியிலுள்ள கருநிற மண்ணிலேயே சேர்ந்திருக்கிறது. புற்கள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் கணிசமான பகுதியை வேர்களுக்கு அனுப்புகின்றன. வேர்கள் மடிந்து மட்குவதாலும், அவை கசியவிடும் பொருள்களை உண்ட நுண்ணுயிர்கள் மடிவதாலும் உருவாகும் மட்கு, இம்மண்ணிலுள்ள அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து, எளிதில் சிதையாத நிலையை அடைகிறது. குளிரும் ஈரமும் அச்சிதைவை மேலும் தாமதப்படுத்துகின்றன.

அதே அலுமினியமும் இரும்பும் பாஸ்பரஸ் எனும் மணிச்சத்தையும் பற்றிக்கொள்வதால், மண் கருமையாக இருந்தும் செடிகளுக்குக் கிடைக்கும் ஊட்டம் குறைவே. ஊட்டம் அரிதான மண்ணில் புற்கள் தண்டைவிட வேரையே மிகுதியாக வளர்ப்பது வழக்கம். நைட்ரஜன் எனும் தழைச்சத்து மிகும்போது விரைந்து வளரும் சில இனங்கள் பிறவற்றை நெருக்கிவிடக்கூடும் என்பதால், உரம் கூடினால் மண்ணின் கரிமமும் கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரம், வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, இந்த ஊட்டச் சமநிலையையே மாற்றுகிறது. மரமற்ற நிலத்தை வெற்று நிலமாக எண்ணி நட்ட தோட்டங்கள் தொன்மையான புல்வெளிகளையே விழுங்கியது பெரும் இழப்பு. இப்பகுதியின் சதுப்புக் கரிமண்ணில் எஞ்சியுள்ள கரிம ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கரிம அணுக்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் இங்குப் புற்கள் வளர்ந்ததைக் காட்டுகின்றன.