ஒரு கிரிக்கெட் பை, ஆறு அத்தியாயங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தின் ஓரமாக நின்று பாருங்கள். யாராவது ஒரு பையன் முதுகுச் சுமையை இறக்கி, ஜிப்பை இழுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் புல்லில் பரப்புவான். மட்டை, கால் பேடு, தோல் கையுறை, ஹெல்மெட், ஷூ, மடித்து வைத்த பனியன், ஒரு கூலிங் கிளாஸ். அவனுக்கு இவை அத்தனையும் சேர்ந்து ஒரே பொருள்தான்: 'கிட்'.

இதே சாமான்களை ஒரு கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் தருவிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகள் இறங்குகின்றன. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸின் கணக்கில் 'கிட்' என்று ஒன்று கிடையாது. மட்டையும் பேடும் 95-ஆம் அத்தியாயம். பையும் தோல் கையுறையும் 42. ஷூ 64. ஹெல்மெட் 65. பின்னலாடையான பனியன் 61. கூலிங் கிளாஸ் 90. ஒரு பையனின் தோளில் தொங்கியது ஆறு அத்தியாயங்களுக்குப் பிரிந்து போய்விடுகிறது.

சுங்கத் தீர்வைப் புத்தகம் வரி விகிதங்களின் பட்டியல் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் அது உலகத்துப் பொருள்களையெல்லாம் வரிசைப்படுத்திய பெரிய அகராதி என்று தெரியும். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த முறை 1988 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதைத்தான் ஏற்றுமதி, இறக்குமதிக்காரர்கள் எச்.எஸ். கோடு என்கிறார்கள். முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. இந்தியா தன் பங்குக்கு இன்னும் 2 இலக்கங்களைச் சேர்த்து 8 ஆக்கிக்கொள்கிறது. உலகப் பொது முறையில் மொத்தம் 97 அத்தியாயங்கள். அதில் 77-ஐ மட்டும் எதிர்காலத் தேவைக்கென்று காலியாக விட்டிருக்கிறார்கள்.

இந்த வரிசையில் ஓர் அழகு இருக்கிறது. முதல் அத்தியாயம் உயிருள்ள விலங்குகள். கடைசி அத்தியாயம் கலைப்பொருள்களும் பழம்பொருள்களும். இடையில் தானியம், எண்ணெய், ரசாயனம், தோல், மரம், துணி, இரும்பு, எந்திரம் என்று இயற்கையிலிருந்து கிடைப்பதில் தொடங்கி, மனிதன் கைபட்டு மாறியதை நோக்கிப் படிப்படியாக நகர்கிறது. முன்பகுதி பெரும்பாலும் 'இது எதனால் ஆனது?' என்று கேட்கிறது. பின்பகுதி 'இது எதற்காக?' என்று கேட்கிறது. விளையாட்டுச் சாமான் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பொம்மை, விளையாட்டு, உடற்பயிற்சி எல்லாம் குடியிருக்கும் 95-ஆம் அத்தியாயம் தன் வாசலிலேயே ஒரு குறிப்பை மாட்டி வைத்திருக்கிறது: விளையாட்டு உடை இங்கே வராது, காலணி வராது, தலைக்கவசம் வராது, கையுறை எதனால் செய்யப்பட்டதோ அந்த அத்தியாயத்துக்குப் போகட்டும். முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு உள்ளே வரலாம், விரலைக் காக்கும் உறை வரக்கூடாது!

அடையாறு பக்கம் ஷட்டில் ஆடுகிறவர்களின் ராக்கெட்டும் இப்படித்தான். நரம்பு கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும் ராக்கெட் 9506, அதாவது 95-ஆம் அத்தியாயத்தின் 06-ஆம் தலைப்பு. நரம்பு மட்டும் தனிச் சுருளாக வந்தால், அது எந்தப் பொருளோ அந்த அத்தியாயம். ஆனால் பறவை இறகில் செய்த ஷட்டில் காக், இறகுப் பொருள்களுக்கான 67-க்குப் போவதில்லை. விளையாட்டுச் சாமானை அந்த அத்தியாயமே விலக்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டிரெட்மில்லின் கதை. அதில் மோட்டார் உண்டு, மின்னணுத் திரை உண்டு, சுற்றும் பட்டை உண்டு. எந்திரங்களுக்கான 84, மின்சாதனங்களுக்கான 85 இரண்டும் அதற்கு உரிமை கொண்டாடலாம். ஆனால் அவற்றை உள்ளடக்கிய 16-ஆம் பிரிவின் முதல் குறிப்பே, 95-ஆம் அத்தியாயப் பொருள் எதுவும் தன்னுடையதல்ல என்று விலகிக்கொள்கிறது. ஆகவே டிரெட்மில் உடற்பயிற்சிக் கருவிதான். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் அப்படியே. அது எங்கேயும் போகாது, ஆகையால் வாகனம் ஆகாது.

அதே சாயலில் ஒரு கருவி மயிலாப்பூரில் பிசியோதெரபி நிலையம் ஒன்றுக்கு வருகிறது, விபத்துக்குப் பிறகு விறைத்துப்போன மூட்டை அசைக்கப் பழக்குவதற்காக. அது 9019, மருத்துவக் கருவிகள் இருக்கும் 90-ஆம் அத்தியாயத்தில். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு இங்கே வகுக்கும் கோடு நுட்பமானது. நோயுற்ற மூட்டுக்கும் தசைக்கும் சிகிச்சை தருவது, பெரும்பாலும் மருத்துவரின் மேற்பார்வையில் இயங்குவது 9019. வீட்டிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ யாரும் பயன்படுத்தக்கூடிய வகை 9506. இரும்பும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே இருக்கலாம். எந்த உடம்புக்காகச் செய்தார்கள் என்பதுதான் எண்ணை மாற்றுகிறது.

பெரிய மல்டிஜிம் எதுவும் முழுசாகக் கப்பலேறாது. கம்பி ஒரு கட்டு, எடை ஒரு கட்டு, திருகாணி ஒரு பொட்டலம் என்று கழற்றித்தான் வரும். கழற்றி வந்தாலும் முழுப்பொருளாகவே பார் என்கிறது தீர்வைப் புத்தகத்தின் பொருள் விளக்க விதிகளில் 2(அ). இந்த விதி இல்லாவிட்டால் இரும்புக் கம்பி, நட்டு, போல்ட் என்று ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். பணத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பொது உடற்பயிற்சிக் கருவிகள் அதில் சேராது, அவற்றுக்கு 18. இறக்குமதியின்போதும் இதே விகிதம்தான் ஐ.ஜி.எஸ்.டி.யாக வந்து சேரும். ஷட்டில் காக்கும் டம்பெல்லும் ஒரே 9506-க்குள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தும் இவ்வளவு தூரம். பொம்மைகளுக்கு இந்தியா சுங்க வரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. குழந்தை வைத்து விளையாடுவதற்கென்றே செய்த குட்டி கிரிக்கெட் மட்டை பொம்மைதான், 9503. எந்த அளவுக்கு மேல் அது உண்மையான மட்டை? பத்து வயதுப் பையன் அகாடமிக்குக் கொண்டுபோவது எது? சுங்க அதிகாரியும் கிளியரிங் ஏஜென்ட்டும் மட்டையின் எடையையும் மரத்தையும் வைத்து வாதாடுவதில் நியாயம் இருக்கிறது.

செஸ்ஸை எடுத்துக்கொண்டால் எனக்கு மனம் ஆறவில்லை. செஸ் வீரர் மானுவல் ஆரோனுக்கு அர்ஜுனா விருது கொடுத்த நாடு இது. சென்னை சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய மிகைல் தால் கிளப்பில் காய் நகர்த்திய சிறுவன் ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் குகேஷ் ஆனார். ஆனாலும் தீர்வைப் புத்தகத்தில் செஸ் செட் விளையாட்டுக் கருவிகளின் 9506-ல் இல்லை. 9504-ல், சீட்டுக்கட்டும் கேரம் போர்டும் இருக்கும் வீட்டில் இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது அங்கே என்பது ஏற்பாடு. டேபிள் டென்னிஸ் மட்டும், மேசை இருந்தும், பெயர் சொல்லி 9506-ல் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்த எண்களைச் சரிபார்க்கும் முறையும் மாறிவிட்டது. 2020 ஜூன் 8-ஆம் தேதி சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. அதன் பிறகு இங்கே இறங்கும் சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதி விவரப் படிவத்தை, வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி திரையில் பார்க்கலாம். சரக்கை அவர் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. கருவியைப் பற்றி இறக்குமதிக்காரர் எழுதும் நாலு வரிதான் அவருக்குக் கண். 'ஜிம் சாமான்' என்று எழுதினால் கேள்வி திரும்பி வரும். என்ன பொருளால் ஆனது, எப்படி இயங்குகிறது, யார் பயன்படுத்துவது என்று எழுதினால் வேலை நகரும்.

கடைசியாக இன்னொரு விளையாட்டையும் பாருங்கள். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஆட்டத்தில் பூட்ஸை ஒரு இடத்திலும், சக்கரம் மாட்டும் சட்டத்தை வேறு இடத்திலும் வாங்கிப் பொருத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பூட்ஸ் மட்டும் பெட்டியில் வந்தால் அது காலணி, 64. சட்டமும் சக்கரமும் பூட்டிய நிலையில் வந்தால் முழுசும் 9506. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில திருகாணிகள்.