"அந்தப் பொண்ணு என்ன பண்ணாளோ...?"



சாயங்காலம் ஏழு மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அடுப்படியில் குக்கர் விசில், கூடத்தில் டி.வி. செய்தி. தட்டில் சாதம் போடும் நேரத்துக்கு, "ஓட ஓட விரட்டி...", "சரமாரியாக வெட்டி..." என்று ஒரு குரல் கத்திக்கொண்டிருக்கும். நாம் அதைக் காதில் வாங்காமல் அடுத்த தோசையைத் திருப்பப் போய்விடுவோம். ஆனால் பிள்ளைகள் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். இது எனக்குப் புரிய பல வருடங்கள் ஆயிற்று.

2012 பிப்ரவரி 23-ம் தேதியை எங்கள் வேளச்சேரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகளில் கொள்ளை நடந்திருந்தது. சந்தேகப்பட்ட ஒருவரின் படத்தைப் போலீஸ் வெளியிட, அது டி.வி.யில் திரும்பத் திரும்ப வந்தது. அன்று நடுநிசிக்கு மேல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரை போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். விடிந்தால் எங்கள் பகுதி முழுக்க கேமராக்கள்! அந்த என்கவுன்டர் சரியா, தவறா என்று பேச நான் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் எங்கள் மொட்டை மாடியில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வடாம் காயப் போடப் போனேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் வெயிலில் நாலைந்து பொடியன்கள் மல்லாந்து கிடந்தார்கள். "எந்திரிங்கடா, என்ன இது?" என்றேன். "ஆன்ட்டி, நாங்க செத்துட்டோம். உங்க பையன்தான் போலீஸ்" என்றான் ஒருவன். என் மகன் அப்போது சின்ன வகுப்பு. அடுத்த ஆட்டத்துக்கு அவர்களுக்குள் பெரிய சண்டை. யார் போலீஸ் என்பதற்காக அல்ல, டி.வி.யில் போட்டோ வந்த ஆளாக யார் நடிப்பது என்பதற்காக! நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்துவிட்டு வடாத்தைப் பார்க்கப் போய்விட்டோம்.

அதே மாதம் 9-ம் தேதிதான் பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில், வகுப்பறையிலேயே ஆசிரியை ஒருவரை ஒன்பதாம் வகுப்பு மாணவன் குத்திக் கொன்றான். ஒரு ஹிந்திப் படத்தைப் பார்த்து அந்த எண்ணம் வந்ததாக அவன் போலீஸில் சொன்னான் என்று பத்திரிகைகளில் வந்தது. உடனே சினிமாவைத் திட்டித் தீர்த்தோம். சினிமாவையே பார்த்துக் கற்றுக்கொள்கிற வயசு, தினம் வீட்டுக்குள் வருகிற நிஜச் செய்தியைப் பார்த்து எதையுமே கற்காதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இது இன்று நேற்று வந்ததும் அல்ல. நான் அடையாறில் படித்த காலத்தில் ஊரெல்லாம் ஆட்டோ சங்கர் பேச்சுதான். திருவான்மியூர் பக்கத்தில் நடந்த ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டவன். அவன் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கோர்ட்டு ஆவணங்களில் உள்ளதை அவன் அனுமதி இல்லாமலே வெளியிடலாம் என்று 1994-ல் தீர்ப்பு வந்தது. எங்கள் அப்பா அந்தக் கதை வரும் புத்தகங்களைப் பீரோ மேல் ஒளித்து வைப்பார். நாங்கள் ஸ்டூல் போட்டு ஏறிப் படிப்போம்! அவன் பெயர் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செத்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா என்றால், தெரியாது.

இனி, நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

2022 அக்டோபர் 13. பரங்கிமலை ரயில் நிலையத்தில், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றான். எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். 2016 ஜூன் 24-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நடந்த கொலையையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினார்கள். கீழே கொட்டை எழுத்தில், "ஒருதலைக் காதல் விபரீதம்". சாப்பிட்டுக்கொண்டே பார்த்த என் மகன் (அப்போது பிளஸ் டூ) சாதாரணமாகச் சொன்னான், "பாவம்தான். ஆனா அந்தப் பொண்ணு என்ன பண்ணாளோ, யாருக்குத் தெரியும்?"

அப்போது நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டாமா? ரசம் ஊற்றிக்கொண்டே, "அதான், பொண்ணுங்க ஜாக்கிரதையா இருக்கணும்" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எதுவும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு வருடம் கழித்து, பிளஸ் ஒன் படிக்கும்போது அவள் திடீரென்று டியூஷனுக்குப் போக மாட்டேன் என்றாள். சாப்பாடு சரியில்லை, தூக்கமும் இல்லை. கேட்டால் "தலைவலிம்மா". ஒரு ராத்திரி தலை வாரிவிடும்போது உடைந்து அழுதாள். விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பையன் ஒரு மாதமாக பைக்கில் பின்னாலேயே வருகிறானாம். "ஏன்டி கண்ணு அம்மாகிட்ட சொல்லலை?" என்றேன். அவள் சொன்ன பதில் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

"அண்ணா அன்னிக்குக் கேட்டானே, அந்தப் பொண்ணு என்ன பண்ணாளோன்னு. நீங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னீங்க. என்னையும் அதைத்தானே கேப்பீங்க?"

கதவருகில் நின்ற என் மகனின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் அவன்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்கப்பா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றான். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் வரவழைத்து, எழுதி வாங்கி எச்சரித்து அனுப்பினார்கள். அதோடு நின்றது. அந்தப் பையனுக்கும் என் மகன் வயதுதான் இருக்கும். "லவ் பண்றேன் சார், தப்பா?" என்றுதான் ஆரம்பத்தில் கேட்டானாம்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தியைப் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் கத்தி எடுப்பதில்லை. ஆனால் வேண்டாம் என்ற பெண்ணை விரட்டுவதற்குக் 'காதல்' என்ற நல்ல பெயரை வைத்தால், ஒரு பையன் அதைக் காதல் என்றே நம்புகிறான். இன்னொரு பையன் பெண்ணின் மீது சந்தேகப்படுகிறான். ஒரு பெண் வாயை மூடிக்கொள்கிறாள்.

ஆசிரியையாக இருக்கும் என் தங்கை ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டுரா என்ற மனோதத்துவ நிபுணர், ஒரு பெரியவர் பொம்மையை அடிப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் நன்றாகவே செய்து காட்டினார்கள். 1965-ல் வெளியான ஆய்வு இது. தண்டனை கையைத்தான் கட்டுகிறது, பார்த்தது மனதில் அப்படியே இருக்கிறது. அந்தத் தண்டனையாவது பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? பரங்கிமலை வழக்கில் 2024 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. என் மகனுக்குக் கொலை ஞாபகம் இருந்தது, தீர்ப்பு தெரியவில்லை.

செய்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் கேமரா இல்லை என்பது செய்தி வந்ததால்தானே ஊருக்குத் தெரிந்தது? சொல்லும் விதத்தைத்தான் சொல்கிறேன். 2019-ல் நியூசிலாந்தில் மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவனின் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். நம் நாட்டிலும் குற்றத்தில் சம்பந்தப்பட்ட சிறுவர்களின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ம் வருட சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. இதை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்யும் நாமும் மனதில் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பிடும்போது டி.வி. கிடையாது. காலையில் பேப்பரை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். குற்றச் செய்தி வந்தால் மூன்றே கேள்விகள்: தப்பு செய்தது யார்? அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் சரியா? பழைய வழக்கு என்ன ஆச்சு? 'ஒருதலைக் காதல்' என்று எங்கேயாவது இருந்தால் என் மகன் பேனாவால் அடித்து, 'தொல்லை' என்று எழுதி வைக்கிறான்.

சகோதரிகளே, பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவுப்படி குற்றம். முதல் முறைக்கே 3 வருடம் வரை சிறை. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்கும் முன்னால், "எது நடந்தாலும் உன்னை முதல்ல கேள்வி கேக்க மாட்டேன்" என்று உங்கள் பெண்ணிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருடம் தாமதமாகச் சொன்னேன்.

- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை - 42.