பெட்டிக்குள் இருந்த பெண்

ஆடி கடைசி வெள்ளி நெருங்கி விட்டால் இருக்கன்குடியில் யார் வீடும் சொந்த வீடு இல்லை. மாரியம்மனைக் கும்பிட வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் நம் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். போன வருஷம் அப்படி ஒரு நாள் பதினோரு பேருக்கு உலை வைத்துக் கொண்டு நிற்கிறேன். பின்கட்டிலிருந்து என் மகன் ஓடி வந்தான். பத்து வயசு. தலையில் துண்டால் பெரிய முண்டாசு.

"அம்மா, பாப்பா பெட்டிக்குள்ள இருக்கா. திறக்க மாட்டேங்குதும்மா."

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. என் கல்யாணத்துக்குத் தந்த இரும்பு டிரங்குப் பெட்டி அது. உள்ளே இருந்த போர்வைகளை வெளியே எறிந்துவிட்டு ஏழு வயசு மகளை உட்கார வைத்து மூடியிருக்கிறான். துருப்பிடித்த கொண்டி விழுந்து சிக்கிக் கொண்டது. என் விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அத்தைதான் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஓங்கி இரண்டு போடு போட்டார்கள். மூடி திறந்தது. வேர்வையில் குளித்த மாதிரி எழுந்து நின்றாள் மகள். முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மா, நான் மறைஞ்சேனா?"

இரண்டு வாரம் முன்னால் பிள்ளைகளை டவுனுக்கு ஒரு மேஜிக் காட்சிக்குக் கூட்டிப் போயிருந்தோம். அங்கே ஒரு பெண்ணைப் பெட்டியில் வைத்துப் பூட்டி மறைய வைத்தார்கள். அதன் பலன்தான் இது!

பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? நானும் அந்த வயசில் இப்படித்தான். திருவிழாக் கூட்டத்தில் மோடி வித்தைக்காரர் ஒரு பையனைக் கூடைக்குள் உட்கார வைத்துக் கத்தியைச் சொருகுவார். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்வேன். ஆனால் ஒற்றைக் கண் மட்டும் வெளியே பார்க்கும்.

அன்று முதல் இந்தப் பெட்டி வித்தைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நம் நாட்டில் பெரிய மேடை மேஜிக் என்றாலே முதலில் வருகிற பெயர் பி.சி. சர்க்கார். 1913-ல் இன்றைய பங்களாதேஷில் உள்ள டாங்கைல் பக்கம் பிறந்தவர். கணிதம் படித்தவர். மகாராஜா மாதிரி தலைப்பாகை, ஜரிகை அங்கி, பின்னால் ஏகப்பட்ட ஆட்கள், திரைச்சீலைகள், வாத்தியம் என்று 'இந்திரஜால்' காட்சியை உலகமெல்லாம் கொண்டு போனார். கண்ணைக் கட்டிக் கொண்டு கரும்பலகையில் எழுதுவார். 1964-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஆனால் அவர் பெயரை உலகமே பேச வைத்தது லண்டனில் ஒரு ராத்திரி. 1956 ஏப்ரல் 9. பி.பி.சி. டெலிவிஷனில் 'பனோரமா' நிகழ்ச்சி. பதினேழு வயசுப் பெண்ணைப் பலகையில் படுக்க வைத்து, சுழலும் வட்ட ரம்பத்தால் இடுப்பில் அறுக்கிறார் சர்க்கார். ரம்பம் நின்றது. பெண்ணைக் கூப்பிடுகிறார், கையைத் தேய்க்கிறார், அசைவில்லை. அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் குறுக்கே வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லி விட்டார்! பெண் செத்தே போனாள் என்று ஜனங்கள் பதறிப் போன் போட்டுப் போட்டு பி.பி.சி.யின் லைன்கள் ஸ்தம்பித்து விட்டன. அந்தப் பெண் சௌக்கியமாகத்தான் இருந்தாள். நிகழ்ச்சிக்கு நேரம் போதவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகையெல்லாம் அதே செய்தி. லண்டன் தியேட்டரில் அவர் காட்சிக்கு டிக்கெட் அத்தனையும் விற்றுப் போயிற்று. நேரம் போதவில்லையா, போதாமல் பார்த்துக் கொண்டாரா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்!

இந்த அறுக்கிற வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. 1921 ஜனவரியில் லண்டனில் செல்பிட் என்பவர் முதன்முதலாக மேடையேற்றினார். பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டுக்கு வாரம் இருபது பவுன் சம்பளம் தருகிறேன், தினமும் அறுபட வருகிறீர்களா என்று அவர் விளம்பரத்துக்காகக் கேட்டாராம். என்ன கொழுப்பு பாருங்கள்! அந்த அம்மாள் மறுத்து விட்டார். பெட்டிக்குள் பெண்ணைத்தான் படுக்க வைக்க வேண்டும் என்ற வழக்கம் அதன் பிறகுதான் ஊன்றிப் போனது.

வித்தையின் ரகசியத்தை எழுதி யார் பிழைப்பிலும் மண் போட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மேடைப் பெட்டி நம் வீட்டுப் பெட்டி மாதிரி அல்ல. காற்று வருவதற்கும், உள்ளே இருப்பவள் தன் கையாலேயே வெளியே வருவதற்கும் வழி வைத்தே செய்கிறார்கள். கைதட்டல் வாங்குகிறவர் வெளியே நிற்கிறார். உடம்பைச் சுருட்டி, மூச்சை அடக்கி, நொடி பிசகாமல் பாதி வித்தையைச் செய்கிறவள் உள்ளே கிடக்கிறாள். மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அந்த அக்காதான் மேஜிக்காரியா?" என்றாள்.

சகோதரிகளே, பழைய டிரங்குப் பெட்டி, ஓடாத பிரிட்ஜ் ஏதாவது வீட்டில் கிடந்தால் இன்றைக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். கொண்டியைக் கழற்றி விடுங்கள், பிரிட்ஜின் கதவையே கழற்றி விடுங்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் பிரிட்ஜுக்குள் அகப்பட்டு இறந்து போனதால், உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரிதான் கதவு இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அதுவும் சர்க்கார் லண்டனைக் கலக்கிய அதே 1956-ல்!

சர்க்கார் 1971 ஜனவரி 6-ல் ஜப்பானில் காட்சி நடத்தப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். மகன் பி.சி. சர்க்கார் ஜூனியர் 'இந்திரஜால்' காட்சியை எடுத்து நடத்தினார். 1992-ல் ரயிலையும் 2000-ல் தாஜ்மகாலையும் பார்க்கிறவர்கள் கண்ணிலிருந்து மறைத்துக் காட்டினார். அவருக்கு மூன்று பெண்கள். ஆண் வாரிசு இல்லையே என்று நம் பக்கத்தில் உச்சுக் கொட்டியிருப்பார்கள். மூத்த பெண் மேனகா மேடையேறி வித்தை காட்டுகிறார். இது புதிதுமல்ல. அமெரிக்காவில் அடிலெய்ட் ஹெர்மன் என்ற அம்மாள், 1896-ல் கணவர் இறந்ததும் அவருடைய மேஜிக் கம்பெனியைத் தானே ஏற்று வருஷக்கணக்கில் நடத்தினார். அதுவரை கணவருக்குத் துணையாளாக நின்றவர்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு இப்போது கொண்டி கிடையாது. பிள்ளைகளுக்கு டி.வி. வந்த அட்டைப் பெட்டியை இரண்டு பக்கமும் திறந்து கொடுத்திருக்கிறேன். முண்டாசு இப்போது மகள் தலையில்.

"ஏ, சீக்கிரம் முடி! முட்டு வலிக்குது" என்று உள்ளேயிருந்து அண்ணன் கத்துகிறான்.

"மூச்சை அடக்குண்ணே, ஜனங்க பாக்குறாங்க" என்கிறாள் மகள்.