பத்து எலிகள் செய்த குற்றம் என்ன?

ஆன்லைன் ஃபேண்டஸி ஆட்டங்களை ஆடுகிறவர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு: ‘பத்து எலியைக் கொன்றுவிட்டு வா.’ ஆட்டத்துக்குள் புதிதாக நுழைந்த வீரனிடம், ஊர் எல்லையில் நிற்கும் யாரோ ஒரு குடியானவன் கேட்கும் முதல் உதவி இப்படித்தான் இருக்கும். அதை முடித்தால் பக்கத்தில் நிற்பவர் ஓநாய்த் தோல் கேட்பார், அவருக்கும் பக்கத்தில் நிற்பவர் சிலந்தியின் கால் கேட்பார். இப்படிப் பாத்திரங்கள் நமக்கு இடும் பணிக்குத்தான் குவெஸ்ட் என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கற்பனை உலகில் சேர்ந்து உலவும் இந்த ஆட்டங்களில், குவெஸ்ட்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கின்றன, இன்னும் விதவிதமாக வேண்டும் என்ற குறை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குறை நியாயமானது. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கொல்வதும் கொண்டுவருவதும் திரும்பத் திரும்ப வருவதால் சலிப்பு உண்டாகிறது என்கிறார்கள். வீரனின் லெவலை ஏற்றிவிடும் பொறுப்பைக் குவெஸ்டின் தலையில் கட்டியதிலிருந்தே சலிப்பு தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

செயல்களின் வகை எங்கேயும் குறைவுதான். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் டோரனும் இயன் பார்பெரியும் எவர்குவெஸ்ட், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களின் குவெஸ்ட்களை நூற்றுக்கணக்கில் பிரித்துப் பார்த்து, 2011இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பணி கொடுக்கும் பாத்திரங்களின் நோக்கங்கள் எல்லாமே அறிவு, வசதி, புகழ், பாதுகாப்பு, செல்வம் என ஒன்பது தலைப்புக்குள் அடங்கிவிட்டன. கட்டமைப்பு அவ்வளவு ஒழுங்காக இருந்ததால், குவெஸ்டைத் தானாக உருவாக்கும் ஒரு மென்பொருளையே அவர்களால் எழுத முடிந்தது. இதைக் கேட்டு ஆட்டத் தயாரிப்பாளர்களின் கற்பனை வறண்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விளாடிமிர் புரோப் என்ற ரஷ்ய அறிஞர் 1928லேயே தம் நாட்டு மாயக் கதைகளை ஆராய்ந்து, அத்தனை கதைகளும் 31 செயற்கூறுகளால் ஆனவை என்று காட்டியிருக்கிறார். நம் பாட்டிக் கதையில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது. இளவரசன் போய் அந்தக் கிளியைப் பிடித்து வர வேண்டும். ஆட்டக்காரர்களின் பாஷையில் இது அசல் ‘எடுத்து வா’ குவெஸ்ட். ஆனால் கிளியின் கழுத்தைத் திருகியதும் மந்திரவாதி செத்துவிடுகிறான். இன்னும் ஒன்பது கிளிகள் வேண்டும் என்று யாரும் இளவரசனைத் திருப்பி அனுப்புவதில்லை.

லெவல் ஏற்றும் பொறுப்பு குவெஸ்டிடம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1999இல் வந்த எவர்குவெஸ்டில் பெயரில்தான் குவெஸ்ட் இருந்தது. லெவல் ஏற வேண்டுமானால் கூட்டாளிகளோடு ஓரிடத்தில் முகாமிட்டு, அங்கே திரும்பத் திரும்ப முளைக்கும் அரக்கர்களை மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். குவெஸ்டைத் தேடிப் போகிறவர், பாத்திரத்தின் முன் நின்று சரியான சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் பேச்சே நகரும். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதைத் தலைகீழாக்கியது. பணி கொடுக்கிறவரின் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி மின்னும். தொடக்கம் முதல் உச்ச லெவல் வரை குவெஸ்ட்களே நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகும். முகாமிட்டுச் சலித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. 2010இல் அந்த ஆட்டத்துக்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள் என்றால் அதில் இந்த வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஏணி முழுவதையும் குவெஸ்டால் கட்டுவதென்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆயிரக்கணக்கில் எழுதப்படுவதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. பரிசாக வரும் வாள் நாலைந்து லெவலுக்குள் பழைய இரும்பாகிவிடுகிறது. அந்த வாளைத் தந்த குடியானவனின் துயரமும் அதோடு போய்விடுகிறது.

இதை வெளியிலிருந்து வந்த விமர்சகர்கள் மட்டும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தின் குவெஸ்ட்களை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜெஃப் காப்லன், 2009இல் ஆட்ட வடிவமைப்பாளர் மாநாட்டில் தங்கள் தவறுகளைத் தாமே பட்டியலிட்டார். ஓர் ஊரில் கால் வைத்ததும் கிறிஸ்துமஸ் மரம்போல எங்கும் ஆச்சரியக்குறிகள் மின்னினால், ஆடுகிறவர் எல்லாவற்றையும் படிக்காமலே அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்றார். ஒரு குவெஸ்டின் உரை 511 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை வரவேற்றார். தாம் எழுதிய ஸ்ட்ராங்கிள்தோர்ன் காட்டுக் குவெஸ்டைத் தாமே கடுமையாகத் திட்டிக்கொண்டார். ஒரு நூலின் சிதறிய பக்கங்களை, எந்த எதிரியிடமிருந்து எது விழும் என்று தெரியாமல் பொறுக்கி, பை நிறைய அடைத்துக்கொண்டு அலையும் வேலை அது. அதே ஆண்டின் இறுதியில், போக வேண்டிய இடத்தை வரைபடமே காட்டிவிடும் வசதி ஆட்டத்துக்குள் வந்தது. அதன் பிறகு உரையைப் படிப்பதற்கு இருந்த கடைசிக் காரணமும் போயிற்று. அதற்கு முன் மேன்க்ரிக் என்ற வீரன் போரில் தொலைந்த தன் மனைவியைத் தேடித்தரச் சொல்வான். இடத்தைத் தெளிவாகச் சொல்ல மாட்டான். பேரன்ஸ் புல்வெளியில் அலைந்த அத்தனை பேரும் ‘மேன்க்ரிக்கின் மனைவி எங்கே?’ என்று பொது அரட்டையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆட்டத்தின் மிகப் பிரபலமான குவெஸ்ட்களில் ஒன்றாக அது நிலைத்ததற்கு அந்தத் தடுமாற்றமே காரணம்.

மறுபக்கம் ரூன்ஸ்கேப் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரரோடு உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட ஆட்டம். இதில் மரம் வெட்டினால் மரம் வெட்டும் திறன் ஏறும், மீன் பிடித்தால் மீன்பிடித் திறன் ஏறும். லெவலுக்கு வழி அங்கேயே இருப்பதால் குவெஸ்டுக்கு அந்தச் சுமை இல்லை. இன்ன அரக்கனை நூற்றைம்பது முறை கொல் என்று சொல்ல ஆள் இங்கேயும் உண்டு. ஆனால் அதற்கென்றே 2005இல் ‘ஸ்லேயர்’ என்ற தனித் திறனைச் சேர்த்து, அதன் பணிகளைக் குவெஸ்ட் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மிஞ்சிய குவெஸ்ட்கள் ஒவ்வொன்றும் ஒரே முறைதான். தொடக்க நாள்களிலேயே இருந்த ஒன்றில் லம்ப்ரிட்ஜ் கோட்டைச் சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு மூன்றும் கொண்டுவந்து தர வேண்டும். இதைவிட எளிய ‘எடுத்து வா’ கிடையாது. ஐந்தாண்டு கழித்து, 2006இல் அதே சமையல்காரர் மீண்டும் விருந்து வைக்கிறார். விருந்தில் ஒரு சமையல் மந்திரவாதி புகுந்து தாக்க, காலம் உறைகிறது. உறைந்து நிற்கும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு உரிய உணவைத் தயாரித்து ஊட்டி மீட்க வேண்டும். அம்மா வீட்டு நிலவறையில் குடியிருந்துகொண்டு தன்னைப் பெரிய தீயசக்தியாக நினைக்கும் டேவ் என்பவன் அந்த விருந்தினரில் ஒருவன். அவனுக்கு வேண்டியது காரமான குழம்பு. அதற்கான மசாலாவைப் பெற, நிலவறையில் ஓடும் எலிகளைப் பிடிக்க நம் பூனையை ஏவ வேண்டும். எலி வேட்டைதான்! அதை இவ்வளவு குறும்பாகச் செய்ய முடிகிறது.

ரூன்ஸ்கேப் குவெஸ்டும் அனுபவப் புள்ளி தருகிறதே என்று ஒருவர் கேட்கலாம். தருகிறது. வாட்டர்ஃபால் குவெஸ்டை முடித்தால் தாக்குதலுக்கும் வலிமைக்கும் தலா 13,750 புள்ளி கிடைக்கும். புதியவர் ஒரே தாவலில் 30ஆம் லெவலை எட்டிவிடுவார். அதனால் பலர் அதைக் கதைக்காக அல்லாமல் குறுக்குவழிக்காகவே ஆடுகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் அது ஒருமுறைப் பரிசு. அடுத்த படிக்கு அதேபோல் இன்னொன்றைத் தயாரித்து வைக்க வேண்டிய கட்டாயம் எழுதுகிறவருக்கு இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு, ஆடுகிறவர்களே வேகத்தைத்தான் விரும்புகிறார்கள் என்பது. 2019இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் திரும்ப வந்தபோது, வரைபடத்தில் வழி காட்டும் துணைச் செயலியைப் பலர் நிறுவிக்கொண்டார்கள். ரூன்ஸ்கேப்காரர்களும் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவதில் சளைத்தவர்கள் இல்லை. ஃபன்காம் நிறுவனம் 2012இல் வெளியிட்ட தி சீக்ரெட் வேர்ல்டில் பைபிள் வசனத்தைத் தேடிப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமான துப்பறியும் பணிகள் இருந்தன. அவற்றின் விடைகளும் இணையத்துக்கு வர நாளாகவில்லை. ஆக, புதிர் வைப்பது மட்டும் மருந்தாகாது. ஆனால் டேவின் குழம்பைப் பாருங்கள். நான்கு மசாலாக்களும் எந்த அளவில் சேர வேண்டும் என்பது ஆடுகிறவருக்கு ஆடுகிறவர் மாறும். வழிகாட்டிப் பக்கம் முறையைச் சொல்லலாம், விடையைச் சொல்ல முடியாது. வேகத்தை விரும்பும் மனம் எல்லோருக்கும் உண்டு. அதற்குத் தீனி போடுவதா, சற்று நிறுத்திவைப்பதா என்பது வடிவமைப்பவரின் தேர்வு.

உலகம் பொதுவானதாக இருப்பதால் விளைவு எதையும் நிரந்தரமாக்க முடியாது என்பது மூன்றாவது மறுப்பு; எனக்குக் கடினமாகப் பட்டது இதுதான். நான் கொன்ற அரக்கனை அடுத்தவரும் கொல்ல வேண்டுமே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2008இல் ஒரே இடத்தை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் காட்டும் உத்தியைப் பரவலாகக் கையாண்டது. கதை பிழைத்தது, பக்கத்தில் நின்ற நண்பர் கண்ணிலிருந்து மறைந்தார். 2012இல் கில்ட் வார்ஸ் 2 குவெஸ்டையே கைவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஊரைக் காக்கும் நிகழ்வுகளை வைத்தது. தோற்றால் ஊர் எதிரி கைக்குப் போகும். சற்று நேரம் கழித்து அதே படையெடுப்பு மீண்டும் நடக்கும். எங்கே போவதென்று தெரியாமல் திணறுகிறவர்களுக்காக வரைபடத்தில் இதயக் குறிகளையும் வைக்க வேண்டியிருந்தது. ரூன்ஸ்கேப் உலகை மாற்றப் பெரிதாக மெனக்கெடுவதில்லை, ஆடுகிறவரின் உரிமையை மாற்றுகிறது. எல்வார்க் என்ற டிராகனை வென்றவர்தான் ரூன் மார்புக்கவசத்தை அணியலாம். ‘சாங் ஆஃப் தி எல்வ்ஸ்’ முடித்தவருக்குத்தான் ஒரு நகரத்தின் கதவு திறக்கும். டிராகன் அடுத்தவருக்காக மீண்டும் உயிரோடு நிற்கிறது. கவசம் என் தோளில் நிரந்தரமாக இருக்கிறது.

மிஞ்சுவது செலவு. கையால் செதுக்கிய குவெஸ்டை எழுத மாதங்கள் ஆகும், ஆடி முடிக்க ஒரு மாலை போதும். இந்தக் கணக்கு எந்த நிறுவனத்துக்கும் கசக்கும். தினமும் திரும்ப வரும் ‘டெய்லி குவெஸ்ட்’ வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007இல் பெருகியதன் பின்னணியும் அதுதான். அலுவலகம் விட்டு வந்து, பழகிய வேலையை அரைமணி நேரம் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுகத்தைத் தர எழுத்தாளர் தேவையில்லை, ஸ்லேயர் பணி போதும். எழுத்தாளரின் நேரத்தை மிச்சப்படுத்திக் குறைவாக எழுதினால் அது வீணாவதில்லை. ‘வைல் குத்திக்ஸ் ஸ்லீப்ஸ்’ என்ற பெரிய குவெஸ்ட் முதலில் வந்தது 2008இல். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பழைய வடிவத்தில், ஆடுகிறவர்கள் வாக்களித்தால்தான் புதிதாக எதுவும் சேரும். அங்கே அந்தக் குவெஸ்டை மீண்டும் உருவாக்க ஆதரவு கிடைத்து, 2024இல் அது புதுப்பொலிவோடு வந்தது. கதை எப்படி முடியும் என்பது பலருக்கும் பதினாறு ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் வாக்களித்தார்கள்.